உதட்டுப் பிளவும் ஒரு தாய் கேட்ட மஸ்அலாவும்

 

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த இக்கடற்கரையில், கீழ்புத்துப்பட்டுப் பகுதிக்கு நான் இமாமத் பணிக்கு வந்த புதிது அது. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தாய் நாற்பது நாள் குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு பள்ளிவாசல் படியருகே வந்து நின்றார். உப்பு லாரிகளில் மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவரின் மனைவி. ஓதி ஊதுவதற்காக வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். துணியை விலக்கியபோது குழந்தையின் மேலுதடு மூக்கு வரை பிளந்திருந்தது. வாயைத் திறந்து அழுகையில் மேலண்ணமும் பிளந்திருப்பது தெரிந்தது.

"ஹஜ்ரத், இதைத் தைத்துச் சரிசெய்யலாம் என்று நர்ஸம்மா சொல்கிறார்கள். அல்லாஹ் கொடுத்த உருவத்தில் கைவைக்கக் கூடாது என்று என் மாமியார் சொல்கிறார்கள். தைத்தால் குற்றமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது தெளிவான ஒரு மஸ்அலா. நான் சொன்னதோ, "ஸப்ர் செய்யுங்கள் அம்மா, அல்லாஹ்வின் நாட்டத்தில் ஹிக்மத் இருக்கும்" என்பது மட்டுமே. அது பொய்யான சொல் அன்று. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது விடையும் அன்று. பட்டம் பெற்று வந்த புதிதில், "எனக்குத் தெரியவில்லை, கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று கூற என் நாவு கூசிற்று. அந்தத் தாய் என் சொல்லை மருத்துவம் வேண்டாம் என்ற தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார். அதன் விலையை அப்பிள்ளை கொடுத்தான். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பொருளை எழுத எடுத்துக்கொண்டேன்.

முதலில், இந்தப் பிளவு என்பது என்ன? தாயின் கருவறையில் சிசுவின் முகம் வலப்புறமிருந்தும் இடப்புறமிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ந்து வரும் பகுதிகள் ஒன்றாகச் சேர்வதால் உருவாகிறது. கருவின் நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் உதடு சேர்கிறது. ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் அண்ணம் சேர்கிறது. இச்சேர்க்கை ஓரிடத்தில் நடைபெறாமல் நின்றுவிட்டால் அங்கே பிளவு தங்கிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரியாத காலம் அது. உலகில் ஏறத்தாழ எழுநூறு பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. பரம்பரைக் கூறு, ஃபோலிக் அமிலச் சத்துக் குறைவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், புகைப்பழக்கம், நெருங்கிய உறவுக்குள் மணமுடித்தல் எனப் பல காரணங்களை மருத்துவர்கள் கூறுகிறார்கள். இந்த ஒரு குழந்தைக்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்வது பெரும்பாலும் இயலாது.

நம் ஊர்களில் விரல் நீட்டுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், அரிவாள்மனையைத் தொட்டாள், அதனால் பிள்ளையின் உதடு அறுந்தது என்பார்கள். முஸ்லிம் வீடுகளிலும் இது பேசப்படுகிறது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்கக்கூடிய அந்தப் பேச்சை நபி (ஸல்) அவர்கள் துக்கத்தின் நடுவிலும் அனுமதிக்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களைத் திருத்தினார்கள். தம் மகனின் இறப்போடு கிரகணத்தை இணைக்க மறுத்த நபியின் உம்மத்தினர், அண்டை வீட்டுப் பிள்ளையின் உதட்டோடு கிரகணத்தை இணைத்து ஒரு தாயைக் குற்றவாளியாக்குவது எப்படித் தகும்?

இனி அந்தத் தாய் கேட்ட மஸ்அலாவுக்கு வருவோம். அந்நிஸா அத்தியாயத்தின் 119-ஆம் வசனத்தில், அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்தது கூறப்படுகிறது. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டித்து இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. மாமியாரின் அச்சத்துக்கு அடிப்படை இவையே. அந்த அச்சம் ஈமானிலிருந்து பிறந்ததாகையால் அதை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் அந்த ஹதீஸிலேயே "அழகுக்காக" என்ற நிபந்தனை இருக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, அழகை நாடிச் செய்வதே தடுக்கப்பட்டது, மருத்துவத்துக்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ தேவைப்பட்டால் தடையில்லை என்று விளக்கியுள்ளார்கள்.

இதைவிட நேரடியான சான்று அர்ஃபஜா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் அவர் மூக்கை இழந்தார். வெள்ளியில் மூக்குச் செய்து அணிந்தார். அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளும்படி அவருக்குக் கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஒரு மனிதரின் முகக் குறையைச் சரிசெய்ய அந்தத் தடையே இங்கே விலகி நிற்கிறது. மூக்கின்றி வாழ்ந்து பொறுமை காத்துக்கொள் என்று அவரிடம் கூறப்படவில்லை. நான் அந்தத் தாயிடம் கூறியதை இதன் அருகில் வைத்துப் பார்த்தபோது என் தலை தாழ்ந்தது.

தற்கால அறிஞர்களும் இதைத் தனியே ஆய்ந்துள்ளனர். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பதினெட்டாவது அமர்வு 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் நடைபெற்றபோது ஒட்டறுவை சிகிச்சை பற்றித் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. உறுப்பின் செயலை மீட்பதற்கும், தீக்காயம், விபத்து போன்றவற்றால் வந்த சிதைவைச் சீராக்குவதற்கும், பிறவிக் குறைகளைத் திருத்துவதற்கும் அனுமதி உண்டு. பிறவிக் குறைகளுக்குக் காட்டப்பட்ட உதாரணங்களில் உதட்டுப் பிளவு பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளது. முதுமையை மறைக்கவும், மன விருப்பத்துக்காக இயல்பான உருவத்தை மாற்றவும் செய்யப்படுபவை வேறு வகை. அவற்றுக்கு இந்த அனுமதி இல்லை.

மருத்துவரின் கத்தி அங்கே என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஐயம் இன்னும் எளிதாக நீங்கும். பிளவுள்ள உதட்டில் சதை பெரும்பாலும் இல்லாமற் போய்விடவில்லை. அது இடம் மாறி, மேலே சுருண்டு நிற்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ரால்ஃப் மில்லார்ட் 1950-களில் கொரியாவில் பணிபுரிந்தபோது இதைக் கூர்ந்து கவனித்து ஒரு முறையை வகுத்தார். ஒரு பக்கத் திசுவைச் சுழற்றிக் கீழே இறக்கி, மறுபக்கத் திசுவை முன்னகர்த்தி, இரண்டையும் சேர்த்துத் தைப்பது அம்முறை. 1955-இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் அதை அறிவித்தார். இன்றும் உலகெங்கும் பல மருத்துவர்கள் அதையோ அதிலிருந்து வளர்ந்த முறைகளையோதான் பின்பற்றுகிறார்கள். வெளியிலிருந்து எதுவும் கொண்டுவந்து ஒட்டப்படுவதில்லை. அல்லாஹ் அக்குழந்தைக்குக் கொடுத்த தசையே அதற்குரிய இடத்தில் சேர்க்கப்படுகிறது. இதைப் படைப்பை மாற்றுதல் என்று எப்படிச் சொல்வது?

சரி, ஏழைத் தொழிலாளி இதற்கான பணத்துக்கு எங்கே போவார்? சகோதரர்களே, இங்கேதான் நம்மில் பலர் அறியாத ஒரு வரலாறு இருக்கிறது. மெக்ஸிகோவிலிருந்து உதட்டுப் பிளவோடு வந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர் டொனால்டு லாப் சிகிச்சை செய்தார். அதனால் உந்தப்பட்டு, ஏழை நாடுகளுக்குத் தன்னார்வ மருத்துவர்களை அனுப்பும் இன்டர்பிளாஸ்ட் என்ற அமைப்பை 1969-இல் தொடங்கினார். 1982-இல் மேகீ என்ற மருத்துவரும் செவிலியரான அவர் மனைவியும் ஒரு குழுவுடன் ஃபிலிப்பைன்ஸின் நாகா நகருக்குச் சென்றனர். அவர்களால் சுமார் நாற்பது குழந்தைகளுக்கே அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது. அதைப் போல் பல மடங்குப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த வேதனையில் உருவானதே ஆபரேஷன் ஸ்மைல்.

விமானத்தில் வந்து, ஒரு வாரம் தங்கி, இரவு பகலாகத் தைத்துவிட்டுத் திரும்பும் இத்தகைய முகாம்களில் பெரும் தியாகம் இருந்தது. குறையும் இருந்தது. முகாம் முடிந்த பத்தாவது நாளில் தையல் பிரிந்தால் யாரிடம் செல்வது? அடுத்த கட்ட சிகிச்சைக்கு எவர் அழைப்பார்? முகாம் நாளன்று குழந்தைக்குச் சளி இருந்தால் மயக்க மருந்து கொடுக்க இயலாது என்று திருப்பி அனுப்புவார்கள். அடுத்த முகாம் எப்போது என்பது எவருக்கும் தெரியாது. இக்குறைகளை வெளியார் மட்டும் சொல்லவில்லை, அந்த அமைப்புகளே உணர்ந்தன. இன்டர்பிளாஸ்ட் 2010-இல் ரீசர்ஜ் இன்டர்நேஷனல் எனப் பெயர் மாறியது. அந்தந்த நாட்டு மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதே இன்று அதன் முதன்மைப் பணி. 1999-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஸ்மைல் டிரெயின் ஆரம்பம் முதலே வேறு வழியைத் தேர்ந்தது. உள்ளூர் மருத்துவமனையிலுள்ள உள்ளூர் மருத்துவரே ஆண்டு முழுவதும் சிகிச்சை செய்வார். அதற்கான செலவை அமைப்பு ஏற்கும். நோயாளியிடம் கட்டணம் பெறக் கூடாது. இந்த வழியில் இந்தியாவில் மட்டும் பல லட்சம் சிகிச்சைகள் நடந்துள்ளன. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் மாவட்டத்துச் சிறுமி பிங்கிக்கு வாரணாசியில் மருத்துவர் சுபோத் குமார் சிங் செய்த சிகிச்சையைப் பற்றிய குறும்படம் 2009-இல் ஆஸ்கர் விருது பெற்றதைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

எனினும் என் உள்ளத்தை அதிகம் தொட்டவர் நமக்கு அண்மையிலுள்ள திருச்சூரில் பணிபுரிந்த மருத்துவர் ஹிர்ஜி அடென்வாலா. பார்ஸி சமயத்தவர். கத்தோலிக்கத் திருச்சபையினர் நடத்தும் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959 முதல் பல்லாண்டுக் காலம் உழைத்தார். தமக்குக் கற்றுக்கொடுத்த மும்பை மருத்துவர் சார்லஸ் பின்டோவின் பெயரிலேயே அங்குள்ள பிளவு சிகிச்சை மையம் அமைந்தது. வெளிநாட்டு உதவி வருவதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் முன்பே அவர் இப்பணியில் இருந்தார். அவர் 2020-இல் மறைந்தார். பார்ஸி மருத்துவர், கிறிஸ்தவ மருத்துவமனை, அமெரிக்க நன்கொடை, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குழந்தைகள்! நன்மை எங்கிருந்து வந்தாலும் நன்றி சொல்லக் கற்றவர்கள் நாம். நன்றியோடு ஒரு கேள்வியையும் நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஜமாஅத்துகள் இதில் எந்த இடத்தில் நிற்கின்றன?

இதற்கு விடை சொல்லுமுன் பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறேன். மூன்று வயதில் எங்கோ நடந்த ஓர் இலவச முகாமில் அவனுக்கு உதடு தைக்கப்பட்டது. முகம் சீராயிற்று. வீட்டார் மகிழ்ந்தார்கள். அண்ணத்துக்கு இன்னொரு சிகிச்சை உண்டு என்பதை எவரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை, அல்லது சொன்னது அவர்களின் காதில் ஏறவில்லை. ஏழு வயதில் என் மக்தபுக்கு ஓத வந்தான். "பா" என்று சொல்லச் சொன்னால் "மா" போன்று வரும். "பிஸ்மி" என்பது "மிஸ்மி" ஆகும். காஃப் தொண்டைக்குள் ஹம்ஸாவாக விழும். குன்னா இல்லாத எழுத்திலெல்லாம் குன்னா. மீமும் நூனும் மட்டும் தெளிவாக வரும். ஏழாண்டுகள் மதரஸாவில் மக்ரஜ் பயின்ற நான், அவன் முயற்சி செய்யவில்லை என்று கடிந்துகொண்டு கடைசி வரிசையில் உட்கார வைத்தேன்.

மேலண்ணத்தின் பின்பகுதி தசையாலான ஒரு கதவு. "பா", "தா", "காஃப்" போன்ற எழுத்துகளைச் சொல்லும்போது அது மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்கிறது. அப்போதுதான் வாய்க்குள் காற்று அழுத்தம் பெற்று எழுத்து வெடித்துப் பிறக்கும். கதவே பிளந்திருந்தால் காற்று மூக்கில் கசிந்துவிடும். மீம், நூன் இரண்டும் மூக்கொலி எழுத்துகள் என்பதால் அவற்றுக்குக் கேடில்லை. மக்ரஜ் பாடம் நடத்துகிற ஒவ்வோர் உஸ்தாதும் இதைக் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடிக்க முடியும். நான் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த அரசு மருத்துவக் குழுவினர் அவன் வாயில் விளக்கடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். எட்டாவது வயதில் அண்ணம் மூடப்பட்டது.

பேச்சு சீராகிவிட்டதா என்று கேட்பீர்கள். கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த இலங்கையிலிருந்தே இதற்கு விடை கிடைக்கிறது. 1984-இல் லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் என்பவரின் முயற்சியில் ஒரு தன்னார்வக் குழு காலி நகரில் பணியைத் தொடங்கியது. சிகிச்சையே பெறாமல் வளர்ந்துவிட்ட பலர் அங்கே வந்தார்கள். குழுவினர் தைத்துவிட்டுப் போய்விடாமல் ஆண்டுக்கணக்கில் திரும்பி வந்து அவர்களைக் கண்காணித்தார்கள். வளர்ந்த பின் அண்ணம் மூடப்பட்டவர்களின் பேச்சு பெரும்பாலும் எதிர்பார்த்த அளவு சீராகவில்லை என்பதை 1990-இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. துளை அடைபட்டாலும், நாக்கு பழகிவிட்ட தவறான இடம் எளிதில் மாறுவதில்லை. ஆகவேதான் குழந்தை சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்குமுன், ஒன்பது முதல் பதினெட்டு மாதங்களுக்குள், அண்ணத்தை மூடிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். நம் பையனுக்கு இப்போது பதினைந்து வயது. பேச்சுப் பயிற்சிக்குப் பின் "பா" தெளிந்திருக்கிறது. காஃப் இன்னும் தடுமாறுகிறது. சபையில் ஓத அழைத்தால் தலைகுனிந்து எழுந்து போய்விடுகிறான். தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்று இறைவனிடம் வேண்டிய மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொள்கிறான்.

இனி, ஜமாஅத்தின் பங்கு. அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்படாத நிலை இன்று பெருமளவு இருக்கிறது. 2013 முதல் நடைமுறையிலுள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் இப்பிளவு கண்டறியப்பட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது. நமக்கு அருகில் புதுச்சேரி ஜிப்மரில் ஒட்டறுவை சிகிச்சைத் துறை உள்ளது. ஆனால் ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. மூன்று மாதத்தில் உதடு, ஒரு வயதையொட்டி அண்ணம், பிறகு பேச்சுப் பயிற்சி, எட்டு முதல் பதினோரு வயதுக்குள் ஈறில் எலும்பு வைத்தல் என்று தொடரும். உப்பளத்தில் வாருகாலம் நடக்கும் மாதங்களில் தாயும் தந்தையும் ஒரு நாள் கூலியை இழப்பது அடுப்பெரியாத நாளாகும். மழைக்காலத்திலோ பேருந்துக் கட்டணத்துக்கும் கையில் காசிருக்காது. பைத்துல் மாலிலிருந்து கொடுக்க வேண்டியது அந்தக் கூலியையும் கட்டணத்தையுமே. அதைவிட முக்கியமாக, படிவங்களை வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்ல வேண்டும். நிதி திரட்டித் தந்துவிடுவதில் நம்மவர்கள் வல்லவர்கள். மருத்துவமனை வரிசையில் ஐந்து மணி நேரம் நிற்க ஆள் கேட்டால் சபை அமைதியாகிவிடுகிறது!

இன்னொரு பணியும் உண்டு. அது முழுக்கப் பெண்களின் கையில் இருக்கிறது. உதட்டுச் சிகிச்சைக்கு ஆயத்தமாகும் குழந்தைக்குப் பத்து வார வயது, பத்து பவுண்டு எடை (ஏறத்தாழ நாலரை கிலோ), இரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பழைய கணக்கு. அண்ணம் பிளந்த குழந்தையால் காற்றை இழுத்து உறிஞ்ச முடியாது. தாய்ப்பால் மூக்கு வழியே வெளிவரும், புரையேறும். அதைக் கண்டு அஞ்சிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தே பிள்ளையை வாடவிடுபவர்கள் உண்டு. பாலைப் பீய்ச்சி, குழந்தையைத் தலை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையால் சிறிது சிறிதாகக் கடைவாயில் ஊற்ற வேண்டும். இடையிடையே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச் செய்ய வேண்டும். நம் பாட்டிமார் புழங்கிய அதே பாலாடையைத்தான் இன்று மருத்துவமனைகளும் பரிந்துரைக்கின்றன.

சென்ற மாதம் எங்கள் பகுதியில் இன்னொரு குழந்தை இதே பிளவோடு பிறந்தது. பெண் குழந்தை. பிறந்த மூன்றாம் நாளே அதன் தந்தை என்னிடம் வந்தார். என்னிடம் செல்லும்படி அவரை அனுப்பியவர், அன்று படியருகே வந்து மஸ்அலா கேட்ட அதே தாய். இம்முறை நான் ஸப்ரைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆட்டோ பிடித்தோம். பிறந்தபோது எடை இரண்டு கிலோ நானூறு. அந்தத் தாயே நாள்தோறும் அவ்வீட்டுக்குச் சென்று, பாலாடையைப் பிடிக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறார். வியாழன்தோறும் சுகாதார நிலையத்தில் எடை பார்க்கிறார்கள். கடந்த வியாழனன்று மூன்று கிலோ நூறு இருந்தது. இன்னும் ஒரு கிலோ நானூறு ஏற வேண்டும்.